ஹெவி லைசென்ஸ் டெஸ்ட்: வண்டியின் பின்பாதியை ஓட்டத் தெரிய வேண்டும்

கேட்டிருப்பவர் குடியாத்தத்துத் தம்பி, வயது 23. மூன்று வருடமாகப் பேரணாம்பட்டு, ஆம்பூர் தோல் ஷெட்டுகளுக்குக் குட்டி யானை (சிறிய சரக்கு வண்டி) ஓட்டுகிறார். ஹெவிக்கு, அதாவது லாரி போன்ற கனரக வண்டி லைசென்ஸுக்கு, எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. "டெஸ்ட்டில் என்ன பார்ப்பார்கள், எங்கே ஆள் விழுகிறான், மீதி நாளில் எதைப் பழக வேண்டும்?" என்பது கேள்வி.

முதலில் காகித வேலையை முடித்துவிடுவோம், அது சுருக்கம். எல்.எல்.ஆர். தேதியிலிருந்து 30 நாள் முடிந்த பிறகே டெஸ்ட்டுக்குப் போக முடியும், எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். ஹெவி எடுக்க வயது 20 நிறைந்திருக்க வேண்டும், கார் வகை லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். இரண்டுமே உங்களுக்கு இருக்கிறது. டாக்டர் கையெழுத்திட்ட 1ஏ படிவமும் டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்றும் கட்டாயம். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019-இலேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவர் இருந்தால் நம்ப வேண்டாம். 1ஏ படிவத்தில் உள்ள ஒரு வரியை மட்டும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? கண் சுருக்கிப் படித்தால் முதலில் கண்ணாடி போடுங்கள், டெஸ்ட் அப்புறம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் குழம்புவது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குக் கார் வகை லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே குட்டி யானைக்காக நீங்கள் ஹெவி எடுக்க வேண்டியதில்லை. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட ஆறு சக்கர லாரி, டாரஸ் (பல அச்சு லாரி) போன்றவைதான் ஹெவி. டெஸ்ட்டுக்கும் அந்த வகை வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். மூன்று வருடம் வண்டி ஓட்டியவர் என்பது உங்களுக்கு பலமும்தான், பலவீனமும்தான். குட்டி யானையில் கண்ணுக்கு முன்னால் இருப்பதை ஓட்டினால் போதும், பின்பக்கம் தானாக வந்துவிடும். லாரியில் அப்படி வராது. உங்கள் சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் இருபதடிக்கு மேற்பட்ட உடம்பு எங்கே இருக்கிறது, எங்கே போகப் போகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிகிறதா என்பதைத்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் (டெஸ்ட் எடுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கிறார். டர்னிங், ரிவர்ஸ், மேட்டில் கிளப்புவது எல்லாமே அந்த ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்.

வண்டியில் ஏறுவதற்கு முன்பே டெஸ்ட் தொடங்கிவிடுகிறது. நேராகப் போய்க் கதவைத் திறக்கிறவரைப் பார்த்தாலே பழகாதவர் என்று தெரிந்துவிடும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஆயில் குச்சி, ரேடியேட்டர் தண்ணி (எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள்), வண்டிக்கடியில் சொட்டு, லைட், இண்டிகேட்டர் பார்க்க வேண்டும். பின்னால் ஜோடி டயருக்கு நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒட்டும் ரிஃப்ளெக்டர் பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. இதைக் கேள்வியாகவும் கேட்பதுண்டு. எல் போர்டு முன்னும் பின்னும் வேண்டும்: வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து, பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 செ.மீ. உயரம். சாக்பீஸில் எழுதியது எடுபடாது. வண்டியில் பல சத்தம் போடும் ஏர் ஹாரன் இருந்தால் ஸ்கூல்காரரிடம் சொல்லி முன்கூட்டியே கழற்றச் சொல்லுங்கள், அது விதிப்படி தடை செய்யப்பட்டது. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), புகைச் சான்று நடப்பில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். வண்டிக்கு எஃப்.சி. முடிந்து போனதால் ஓட்டத் தெரிந்தவர் திரும்பிப் போவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். சித்திரை வெயிலில் வேலூர் தார் ரோட்டில் ஓடிய டயரில் காற்று ஏறியே காட்டும். அதைப் பார்த்துப் பிடுங்கிவிட்டால் மறுநாள் குளிர்ந்ததும் குறைந்துபோய், டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறாதீர்கள். செருப்பு வேண்டாம், ஷூ. காக்கி சட்டை. சீட், இரண்டு பக்கக் கண்ணாடி, பெல்ட் என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். சீட்டை மாற்றினால் கண்ணாடியும் மாறும், அதனால்தான் இந்த வரிசை. கண்ணாடியில் உங்கள் வண்டியின் பக்கவாட்டு ஒரு மெல்லிய கோடாகவும், கீழே பின் டயர் தரையைத் தொடும் இடமும் தெரிய வேண்டும். வானம் அதிகம் தெரிந்தால் கண்ணாடி தவறாக இருக்கிறது.

அடுத்தது பிரேக்குக்கான காற்று. லாரி பிரேக் காற்றழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. கார் வகையிலிருந்து வருகிறவர் முதலில் தடுக்குவது இங்கேதான். ஏர் மீட்டரில் இரண்டு முள், முன் பிரேக் சர்க்யூட்டுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஓடுவதற்குச் சாதாரணமாக 7, 8 பார் வரை ஏற வேண்டும். சுமார் 5 பாருக்குக் கீழே இருந்தால் பஸ்ஸர் அலறும், சிவப்பு விளக்கு எரியும். பஸ்ஸர் அலறும்போது கியர் போட்டால் அந்த நிமிடமே மதிப்பு போயிற்று. காரணம் இது: பின் சக்கர பிரேக் சேம்பருக்குள் ஒரு கனத்த ஸ்பிரிங் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் என்பது அந்த ஸ்பிரிங்தான். காற்று வந்து அதை அழுத்திப் பிடித்தால்தான் சக்கரம் விடுபடும். காற்று போதாமல் கிளப்பினால் பிரேக் பாதி பிடித்தபடியே வண்டி இழுக்கும், கிளட்ச் பிளேட் கருகும் வாடை வரும். கிளட்ச் பிரச்சினை என்று ஆள் ஆக்சிலேட்டரை மேலும் மிதிப்பார். அதனால் ஐடிலில் விட்டுக் காத்திருங்கள். முள் ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, பிரேக் பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். முள் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, "ஸ்ஸ்" சத்தமும் கேட்கும். இதை இன்ஸ்பெக்டர் கேட்காமலே செய்து காட்டினால் நல்ல தொடக்கம்.

ஏர் பிரேக்கைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, பெடலை மிதித்ததற்கும் சக்கரம் பிடிப்பதற்கும் நடுவே கிட்டத்தட்ட அரை நொடி போகும், காற்று குழாயில் போய்ச் சேர வேண்டுமே. 40 கி.மீ. வேகத்தில் அரை நொடி என்றால் ஐந்து மீட்டருக்கு மேல். இரண்டு, குட்டி யானையின் பழக்கத்தில் டக் டக்கென்று மிதித்து மிதித்து விடக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று செலவாகிறது. ஒரே மிதியாக, மெதுவாக ஆழமாக்கி, நிற்கப் போகும்போது லேசாகத் தளர்த்துங்கள். நின்றபின் வண்டி முன்னால் தலையாட்டக் கூடாது. டேஷ்போர்டில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்திவைத்துப் பழகலாம், விழாமல் நிறுத்த வந்துவிட்டால் போதும்.

கிளப்புவது. லோடு இல்லாத வண்டியைச் சமதளத்தில் இரண்டாவது கியரில் எடுக்கலாம். மேடு, லோடு என்றால் ஒன்று. கண்ணாடி, இண்டிகேட்டர், மறுபடி கண்ணாடி, அப்புறம்தான் ஹேண்ட் பிரேக். விதியே கேட்பது என்னவென்றால், சீராகக் கிளப்பி மேல் கியர் வரை எல்லா கியரும் போட்டுக் காட்ட வேண்டும், அதேபோல் போக்குவரத்துக்குத் தக்கபடி சட்டென்று இறக்கியும் காட்ட வேண்டும். எஞ்சின் சுற்று வேகம் காட்டும் டகோமீட்டரில் பச்சைப் பட்டை இருக்கும், அதற்குள்ளேயே மாற்றுங்கள். பழைய கியர் பெட்டி என்றால் கியர் இறக்கும்போது டபுள் கிளட்ச் வேண்டும்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலேட்டர், மறுபடி கிளட்ச், கீழ்க் கியர். ஆக்சிலேட்டர் கொடுக்காமல் தள்ளினால் பல் கடிக்கும். கியர் பல் கடிக்கும் சத்தத்தைவிட மோசமானது, அது நடந்ததும் குனிந்து கியர் லீவரைப் பார்ப்பது. கண் ரோட்டை விட்டுப் போகக் கூடாது.

இப்போது டர்னிங். நீங்கள் உட்காரும் இடம் முன் சக்கரத்துக்கு மேலே, சில வண்டியில் அதற்கும் முன்னால். அதனால் மூலை உங்கள் தோளுக்கு நேராக வந்ததும் திருப்பத் தோன்றும். அப்போது திருப்பினால் பின் சக்கரம் மூலையின் மேல் ஏறும். கணக்காகவே சொல்கிறேன்: முன், பின் அச்சுகளுக்கு நடுவே 5 மீட்டர் உள்ள வண்டியில், முன் அச்சு 10 மீட்டர் ஆரத்தில் வட்டமடித்தால் பின் அச்சு 8.7 மீட்டர் ஆரத்தில்தான் வரும். அதாவது பின்பக்கம் 1.3 மீட்டர், நாலடிக்கு மேல், உள்ளே வெட்டுகிறது. குட்டி யானையில் இந்த வெட்டு ஓரடி அளவுதான், அதனால்தான் உங்களுக்கு இதுவரை தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே இடது திருப்பத்தில் மூலையைத் தாண்டி முன்னால் போய், நேரம் கழித்துத் திருப்புங்கள். இடது கண்ணாடியில் பின் டயரும் மூலையும் இரண்டும் தெரியும்படி, டயர் மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி வருகிறதா என்று பார்த்தபடி மெதுவாக. பலர் செய்யும் தவறு, இடது திரும்புவதற்கு முன் வலப்பக்கம் அகலமாக வீசிப் பிடிப்பது. இடது பக்கம் அப்போது பெரிய சந்து திறக்கும். காட்பாடி ரோட்டில் அந்தச் சந்துக்குள் மாணவர் பைக் ஒன்று நுழையாமல் இருக்கவே இருக்காது. சாலை ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல், முன்னால் ஆழமாகப் போய்த் திருப்புவதுதான் சரி. திருப்பும்போது வால் பக்கம் எதிர்த்திசையில் வீசும் என்பதும் நினைவிருக்கட்டும். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பாடி, நீங்கள் இடது திருப்பினால் வலது பக்கமாக வெளியே போகும். சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியை எடுக்கும்போது சுவரில் உரசுவது இதனால்தான்.

ரிவர்ஸுக்கு மீதி இருக்கும் நாளில் பாதியைக் கொடுங்கள். டெஸ்ட்டில் கேட்பது இதுதான்: வண்டியைப் பின்னால் எடுத்து, குறுகிய இடத்துக்குள் இடமோ வலமோ ஓரளவு துல்லியமாக நுழைக்க வேண்டும். பழக, காலி மைதானத்தில் மண் நிரப்பிய நான்கு கேன்களை வையுங்கள், 12 அடி அகலத்துக்கு. உங்கள் வண்டி எட்டடிக்குச் சற்று மேல், ஆகப் பக்கத்துக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். பாலாற்றுப் படுகையில் இடம் கிடைக்கிறதே என்று அங்கே போகாதீர்கள், மணலில் ஜோடி டயர் புதைந்தால் டிராக்டர் தேட வேண்டும்.

முதலில் நேராகப் பின்னால் எடுங்கள், ஒரு வாரம் அது மட்டும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ வால் அந்தப் பக்கம் போகும். இடது கண்ணாடியில் வண்டியின் உடம்புக்கும் கேனுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையத் தொடங்கினால் வால் இடது பக்கம் போகிறது, வலது பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். இந்த "கொஞ்சம்" முக்கியம். கால் சுற்று திருப்பி, ஒரு மூச்சு காத்திருங்கள். நீளமான வண்டியில் திருப்பியது உடனே தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் திருப்பினால், தெரியும்போது அளவுக்கு மீறிப் போயிருக்கும். பிறகு எதிர்ப்பக்கம், மறுபடி இந்தப் பக்கம், பாம்பு மாதிரி. ரிவர்ஸில் தோற்பவர்களில் அநேகர் தோற்பது இந்த அவசரத்தால்தான். ஆக்சிலேட்டரே தேவையில்லை, ஐடில் வேகத்தில் கிளட்சில் கால் வைத்தபடி.

நேராக வந்தபிறகு நுழைப்பது. வலப்பக்கம் எளிது, சீட்டிலிருந்தே பின் டயரைப் பார்க்கலாம். இடப்பக்கம் குருட்டுப் பக்கம், கண்ணாடிதான் கண். இரண்டிலும் ஒரே குறி: உள்பக்கப் பின் டயரும் நுழைவாயிலின் அருகிலுள்ள மூலையும். டயர் சுற்றிவர வேண்டிய அச்சாணி அந்த மூலை என்று நினைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளியே சுற்றி வாருங்கள். அதே நேரத்தில் வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும், அங்கே ஒரு பார்வை. வால் உள்ளே போய் வண்டி நேராகத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை முன்கூட்டியே நிமிர்த்துங்கள். நெருக்கினால் நிறுத்தி, முன்னால் போய் நேராக்கி மறுபடி வாருங்கள். அது தவறல்ல, கேனைத் தட்டுவதுதான் தவறு. சந்தேகம் வந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கிப் பார்த்து ஏறுவதும் தவறல்ல. கீழே நின்று "வா வா" என்று கையசைப்பவரை நம்பி ஓட்டுவது மட்டும் வேண்டாம். அவர் கண்ணாடியில் தெரியாத நொடியில் வண்டி நிற்க வேண்டும்.

மேட்டில் நிறுத்திக் கிளப்புவதில் ஒரு சாண்கூடப் பின்னால் உருளக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியர், கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் கனத்து வண்டியின் மூக்கு லேசாக எழும்பும் இடத்தில் காலை நிறுத்துங்கள். கொஞ்சம் ஆக்சிலேட்டர். அப்புறம்தான் ஹேண்ட் பிரேக் லீவரை விட வேண்டும். விட்ட பிறகும் ஸ்பிரிங்கை அழுத்தக் காற்று ஒரு கணம் எடுக்கும், அந்தக் கணத்தில் கிளட்சை முழுக்க விட்டுவிட்டால் எஞ்சின் அணையும். லீவரை முதலில் விட்டுக் கிளட்சைத் தேடுபவர் உருண்டுபோவார். இதற்குப் பாலத்து மேட்டில் போய்ப் போக்குவரத்தை நிறுத்திப் பழகாதீர்கள், வண்டி வராத சரிவு ஒன்றை ஸ்கூல்காரரிடம் கேளுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. டீசல் மிச்சம் என்று சொல்லித்தருபவர் இருப்பார். எஞ்சின் பிடி போனால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து லைனிங் சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சின் அணைந்தால் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நின்று, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய கணக்கு, எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் போய்ப் பழகலாமா என்றால், எல் போர்டோடு வேண்டாம்.

ரோட்டில் ஓட்டச் சொல்லும்போது சத்தமில்லாமல் மதிப்பெண் போவது கண்ணாடியில். ஓடும்போது ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை இடது, வலது கண்ணாடி பாருங்கள். தலை லேசாக அசையட்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் நீங்கள் பார்ப்பது தெரிய வேண்டும். இண்டிகேட்டர் போடுவதற்கு முன் கண்ணாடி, போட்ட பிறகு வண்டி நகர்வதற்கு முன் மறுபடி. திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டரை அணைப்பது பலருக்கும் மறக்கிறது. முந்தச் சந்தர்ப்பம் வந்தாலும் முந்த வேண்டிய அவசியம் இல்லை, பின்னால் வருபவருக்கு வழிவிடுவதும் சோதிக்கப்படும் விஷயம். மருத்துவமனை, பள்ளிக்கூடம் பக்கம் ஹாரனில் கை வைக்காதீர்கள்.

வாய்க் கேள்விக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். சாலைக் குறிகள், கைச் சைகைகள், வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். ரத்தத்தில் மதுவின் வரம்பு 100 மி.லி.க்கு 30 மி.கி. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. லாரி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் உச்சம் 80 கி.மீ. வண்டி நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்டால், ஓரம் கட்டி, நாலு இண்டிகேட்டரும் எரியவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்னால் தள்ளி முக்கோணம் வைப்பேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சாலையில் கல்லை வைப்பேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். வாலாஜாவுக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே ராத்திரியில் ஓட்டியவர்களுக்கு, வண்டி போன பிறகும் ரோட்டில் கிடக்கும் அந்தக் கல் என்ன செய்யும் என்று தெரியும்.

ஒருவேளை டெஸ்ட்டில் தோற்றுவிட்டால், 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தோற்றால் கடைசி டெஸ்ட்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் தடவை எதில் விழுந்தது என்று இன்ஸ்பெக்டரிடமே மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் ஏழு நாளும் பழகுங்கள். பாஸானால் ஹெவி லைசென்ஸ் 5 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டில் கெமிக்கல் டேங்கர் ஓட்டும் எண்ணம் இருந்தால் அபாயகரப் பொருளுக்குத் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் வேண்டும், அது 3 வருடத்துக்குத்தான்.